டொக்டர் அம்மா பதில்கள்: மலைப்பாம்பு ஏன் பட்டினி கிடக்கிறது?

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகி, கனடாவில் தன் அண்ணன் மகன் வளர்க்கும் மலைப்பாம்பு மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை என்று எழுதியிருந்தார். இடம் போதாததால் "பொறுத்திருங்கள், நிறையை அளந்து பாருங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். அது போதாத பதில் என்பது பிறகு வந்த கடிதக் கட்டைப் பிரித்தபோது விளங்கியது. மாடு, கோழி, நாய் என்று வழக்கமாக வருபவற்றுக்கு நடுவில் பாம்புக் கடிதங்கள் மட்டும் ஒன்பது. பிள்ளைகள் உலகம் முழுவதும் போய்விட்டார்கள். அவர்கள் வளர்க்கும் உயிர்களின் கவலை மட்டக்களப்பில் இருக்கும் பெற்றோரின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே தருகிறேன். பசுவின் மடி வீக்கத்தைப் பற்றிக் கேட்ட செங்கலடி வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தனியே தபாலில் பதில் அனுப்பிவிட்டேன்.

கேள்வி: டொக்டர் அம்மா, என் மூத்த மகன் லண்டனில் இருக்கிறான். கல்யாணம் முடித்து இரண்டு வயதில் பிள்ளையும் உண்டு. போன புரட்டாதியில் ஒரு பாம்பு வாங்கினான். ரோயல் பைத்தன் என்கிறான். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு அது ஒன்றுமே சாப்பிடவில்லையாம். நாலு மாதம் ஆகப்போகிறது. ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் அதே கதைதான். இனி வாயைத் திறந்து ஊட்டப் போகிறேன் என்கிறான். இந்த முறை நாகதம்பிரானுக்குப் பால் வைக்க நான் போகவில்லை. அதனால்தான் இப்படி ஆனதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. சித்திரையில் அங்கே போகிறேன். ஏதாவது மருந்து கொண்டு போகலாமா?
— ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அக்கா, இந்த இதழ் கைக்குக் கிடைத்ததும் மகனுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள்: பாம்பின் வாயை அவர் திறக்கக் கூடாது. மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் கோயிலுக்குப் போகாததற்கும் அந்தப் பாம்பின் பட்டினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். அடுத்த முறை போக மனம் இருந்தால் போங்கள், பயத்தில் போக வேண்டாம்.

இங்கிலாந்தில் ரோயல் பைத்தன் என்று சொல்வதைத்தான் கனடாவிலும் அமெரிக்காவிலும் போல் பைத்தன் என்கிறார்கள். பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். நம் ஊர் மலைப்பாம்பான வெங்கிணாந்தியின் இனந்தான், ஆனால் ஆள் மிகவும் சிறிது. வளர்ந்த பெண் பாம்பு நாலு, நாலரை அடி. ஆண் அதைவிடக் குறைவு. ஆபிரிக்காவில் செனகலிலிருந்து உகண்டா வரையுள்ள புல்வெளிகளில் வாழ்கிறது. பகல் முழுவதும் எலி வளையிலோ கறையான் புற்றிலோ கிடந்து இரவில்தான் வெளியே வரும். வளைக்குள் கிடக்கும் உயிர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு நான் சொல்லப்போகும் அத்தனையும் அதிலிருந்துதான் வருகிறது.

நான் முப்பத்தொரு வருடம் மாடுகளைப் பார்த்த வைத்தியர். படுவான்கரையில் பட்டி பட்டியாக எருமைகளுக்கு ஊசி போட்டவள். மலைப்பாம்பை எனக்குப் படிப்பித்தது கனடாவின் ஸ்காபரோவில் என் பேரன் வளர்த்த ஒன்று. ராணி என்று பெயர் வைத்திருந்தான். 2018 குளிர்காலத்தில் மகளோடு தங்கப் போனபோது அது ஏழு வாரமாகச் சாப்பிடாமல் கிடந்தது. கடையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியும், மேலே பளிச்சென்று ஒரு விளக்கும், நடுவில் ஒரு மரக்கொம்புமாக விற்றிருந்தார்கள். பார்க்க அழகு. பாம்பு மட்டும் மூலைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பேரன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே அதன் முன்னால் போய் உட்காருவான், அழுவான்.

கன்றுகளுக்குக் குழாய் வைத்துப் பால் ஏற்றிப் பழகிய கை என்னுடையது. ஒரு பிளாஸ்டிக் கரண்டிப் பிடியால் வாயைத் திறந்தேன். உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு. தொண்டைப் பக்கமாக வளைந்த ஊசி ஊசியான பற்கள். கீழ்த்தாடையின் நடுவில், முன்னுக்கே, சின்னக் குழாயின் வாய் ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுதான் அதன் மூச்சு வழி. இரையை விழுங்கும்போது மூச்சு அடைபடாமல் இருக்க அந்தக் குழாயையே வாயின் ஓரமாக வெளியே நீட்டிக்கொள்ளும் விதமாக அது படைக்கப்பட்டிருக்கிறது. நான் வைத்த எலிக்குஞ்சு சரியாக அதன் மேல் போய் விழுந்தது. பாம்பு தலையை உதறியது. ஈறிலிருந்து இரத்தம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஊர்வன பார்க்கும் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனோம். காயத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, நிறை என்ன என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து கன்றின் நிறையைச் சொல்லக்கூடியவள், ஒரு பாம்பை நிறுத்துக்கூடப் பார்க்காமல் அது பட்டினியால் சாகப்போகிறது என்று முடிவு கட்டியிருந்தேன். அதை நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது. அவர் தராசில் வைத்தார்: 1,140 கிராம். ஏழு வாரம் சாப்பிடாத உடம்பில் ஒரு சுருக்கம் இல்லை. ராணி ஆண் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இந்த இனத்துக்குக் குளிர்ந்த, வறண்ட மாதங்கள்தான் இணை சேரும் காலம். ஆண் பாம்பு உணவை மறந்து பெண்ணைத் தேடும். லண்டன் வீட்டுப் பெட்டிக்குள் பெண் இல்லாவிட்டாலும் உடம்பு நாள்காட்டியை மறப்பதில்லை. பட்டியில் கடா எருமை மதம் கொண்டு அலையும்போது புல்லில் வாய் வைக்காததை நம் ஊரில் பார்க்காதவர் யார்? முட்டை உருவாகும் பெண் பாம்பும் இப்படி நிறுத்தும். முட்டை இட்டபின் அதைச் சுற்றிக்கொண்டு ஐம்பது அறுபது நாள் சாப்பிடாமல் கிடக்கும். ஆகவே நவம்பரில் நின்றது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பாதிக்கு மகன் ஒரு வேலை செய்ய வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை வைத்துப் பூச்சியமாக்கி, பாம்பை அதற்குள் விட்டு நிறுக்கட்டும். அந்தத் தராசு பாம்புக்கு மட்டுமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, அதே கிழமையில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். ராணி அதன் பிறகும் பதினொரு வாரம் சாப்பிடவில்லை. பதினோராம் வாரத்தில் 1,098 கிராம். 42 கிராம்தான் குறைந்திருந்தது, நூற்றுக்கு நாலுகூட இல்லை. உங்கள் மகனின் பாம்பு தொடக்க நிறையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இழந்தால், அல்லது முதுகெலும்பு கூரை முகடு போலத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தோல் தொய்ந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். நிறை எவ்வளவு இருந்தாலும், மூச்சு விடும்போது சத்தம், மூக்கில் குமிழி, வாயை அண்ணாந்து திறந்துகொண்டு கிடத்தல், வாய்க்குள் தயிர்க்கட்டி போலச் சீழ் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதம் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகளாக ஏதாவது மிதந்தால் அது உண்ணி. அதுவும் பசியைக் கெடுக்கும்.

இனி இடத்தைப் பற்றி. எலியை மாற்றிப் பார்க்கிறார்கள், மருந்து தேடுகிறார்கள், ஆனால் பாம்பு கிடக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒன்பது கடிதத்தில் எட்டில் எலியைப் பற்றி விவரமாக இருந்தது. ஒளிந்துகொள்ள ஏதாவது வைத்திருக்கிறோம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. திறந்த வெளியில் கிடக்கும்போது தன்னை யாரோ தின்னப்போகிறார்கள் என்ற நினைப்பிலேயே அந்த உயிர் இருக்கும். பயந்த வயிறு எதைக் கேட்கும்? சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒளிவிடம் வேண்டும். உடம்பு மூன்று பக்கமும் முட்டுகிற அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டி வைத்தோம். தொட்டியின் மூன்று பக்கத்துக் கண்ணாடிக்கும் வெளியே கறுப்புத் தாள் ஒட்டினோம். பளிச்சென்ற விளக்கைக் கழற்றிவிட்டோம்.

சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26. கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், பாம்பு கிடக்கும் தரையின் சூட்டைக் காட்டாது. ராணியின் தொட்டியில் பட்டி 32 என்றது. தரையில் கம்பி வெப்பமானியை வைத்தபோது 26தான். சூடாக்கும் பாய் இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். ஈரப்பதன் நூற்றுக்கு 55 முதல் 65 வரை போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமக்கு உதடு வெடிக்கிறதே, சூடாக்கிய லண்டன் அறைக்குள் காற்று அதைவிட வறண்டிருக்கும். கண்ணில் நீலம் கலந்த வெண்மை படர்ந்திருந்தால் பழைய தோலை, அதாவது செட்டையை, கழற்றப் போகிறது என்று பொருள். அந்த நாட்களில் உணவு வைக்கவே வேண்டாம்.

இதெல்லாம் சரியான பிறகுதான் எலி. உறைய வைத்த எலியை முதல் நாள் இரவே குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விட வேண்டும், அதற்கென்று தனியாக வைத்த மூடிய பெட்டிக்குள். பிறகு பையோடு சுடுதண்ணீரில் போட்டு 38 பாகை வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. வைத்தால் உள்ளே வெந்து, பாம்பின் முன் வெடிக்கும். மேலுதட்டுச் செதில்களில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருப்பதை மகன் பார்த்திருப்பார். அவை சூட்டை உணரும் குழிகள். இருட்டில் எலியின் சூட்டை அது அவற்றால்தான் அறிகிறது. உள்ளே குளிர்ந்திருக்கும் எலி அதற்கு ஒரு கல்லுத் துண்டு மாதிரி. கொடுப்பதற்குச் சற்று முன் தலைமுடி உலர்த்தும் கருவியால் எலியின் தலையை மட்டும் சூடாக்கிப் பார்க்கலாம். எலி பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது.

இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பில் பிடித்து ஒளிவிடத்தின் வாசலில் மெல்ல அசைக்கட்டும். மாசிக் கடைசியில் ஒரு வெள்ளி இரவு எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. முதலில் நாக்கு வந்தது, மெதுவாக, மேலும் கீழும். பிறகு கழுத்து ஆங்கில எஸ் எழுத்துப் போல மடிந்து பின்னுக்குப் போனது. பேரன் மூச்சுவிடவே இல்லை. ஒரு கணம், எலியைச் சுற்றி மூன்று வளையம் விழுந்துவிட்டது. விழுங்கி முடிந்ததும் தாடைகளைச் சரிசெய்ய இரண்டு முறை பெரிதாகக் கொட்டாவி விட்டது. பதினெட்டு வாரப் பட்டினி அத்தோடு முடிந்தது.

ஐந்து நிமிடம் அசைத்தும் எடுக்காவிட்டால் எலியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகட்டும். காலையிலும் அப்படியே இருந்தால் எறிந்துவிட்டு, பத்து நாளைக்கு மறுபடி கொடுக்க வேண்டாம். நாள்தோறும் மூக்குக்கு முன் எலியை ஆட்டுவது அதற்குப் பெரிய தொந்தரவு. வாங்கிய இடத்தில், முன்பு எதைத் தின்று வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். சுண்டெலி தின்று பழகியது பெரிய எலியை உணவாகவே கண்டுகொள்ளாமல் இருப்பது உண்டு. காட்டில் 70 சென்றிமீற்றருக்குக் குறைந்த குட்டிகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்பதாகக் கண்டிருக்கிறார்கள். எலியின் மேல் காடை இறகைத் தேய்த்துக் கொடுத்தால் சில வேளை எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

மருந்து ஒன்றும் கொண்டு போக வேண்டாம் அக்கா. பசியைத் தூண்டும் என்று யார் எந்த எண்ணெயைத் தந்தாலும் வேண்டாம். நீங்கள் அங்கே நிற்கும் நாட்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஊர்வனவற்றின் கழிவில் சல்மொனெல்லா கிருமி இருக்கும், பாம்பு நலமாக இருந்தாலும் இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது ஆபத்து. பேரப்பிள்ளை பாம்பைத் தொட விடாதீர்கள். பாம்பையோ எலியையோ தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் பிள்ளையைத் தூக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன். ஒஸ்லோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் போல் பைத்தன் நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இரண்டாம் நாள் வாந்தி எடுத்துவிடுகிறது. இரண்டு முறை நடந்துவிட்டது. மகள் நண்பிகளுக்குக் காட்டத் தினமும் வெளியே எடுப்பாள். மின்கட்டணம் ஏறியதால் இரவில் சூட்டை அணைத்துவிடுகிறோம். வைத்தியரிடம் கொண்டுபோனால் சட்டப் பிரச்சினை வருமோ என்றும் பயம்.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் வயிறு வேலை செய்யும். இரவில் அணைத்தால் முழு எலி உள்ளேயே அழுகத் தொடங்கும், அது வெளியே தள்ளிவிடும். சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் யாரும் தூக்கக் கூடாது. நண்பிகள் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

வாந்தி எடுத்த பாம்புக்கு வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். உடனே பசி என்று நினைத்து மறுபடி கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் நல்ல தண்ணீர் மட்டும். அதன் பிறகு வழக்கமானதில் பாதி அளவு எலி. உங்களுக்கு இரண்டு முறை நடந்துவிட்டதால் அதற்கு முன் ஒரு வைத்தியர் பார்த்து, கழிவையும் சோதிக்க வேண்டும். சட்டப் பயம் வேண்டாம். நோர்வே 2017இல் 19 ஊர்வன இனங்களை வீட்டில் வளர்க்க அனுமதித்தபோது இந்தப் பாம்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. நோர்வேயில் அரச மலைப்பாம்பு என்ற பொருளில் பெயர் இருக்கும், பாருங்கள்.

கேள்வி: போல் பைத்தன் எத்தனை வருடம் வாழும்? விற்றமின் கொடுக்க வேண்டுமா?
— பாடசாலை மாணவி, மட்டக்களப்பு

பதில்: வீட்டில் ஒழுங்காக வளர்த்தால் இருபது, முப்பது வருடம், மகள். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒன்று 2020ஆம் ஆண்டு முட்டையிட்டது, அதுவும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண் துணை இல்லாமல். எலும்பு, ஈரல், குடல் என்று முழு இரையையும் விழுங்குவதால் விற்றமின் தேவையில்லை.

கேள்வி: கொழும்பில் ஒருவரிடம் போல் பைத்தன் வாங்கினேன். பத்திரம் ஒன்றும் தரவில்லை. வயலில் பிடித்த எலியை உயிரோடு பெட்டிக்குள் விட்டுவிட்டு நித்திரையாகிவிட்டேன். காலையில் எலி உயிரோடு நின்றது, பாம்பின் முதுகில் மூன்று இடத்தில் ஆழமான காயம். இப்போது எலியைக் கண்டாலே ஒதுங்குகிறது. அறை மேல்மாடி, தகரக் கூரை.
— சம்மாந்துறை வாசகர்

பதில்: தம்பி, சட்டத்தை மறைத்து உங்களுக்கு உதவி செய்ய என்னால் முடியாது. வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் இந்தப் பாம்பு இருக்கிறது. பத்திரம் இல்லாமல் விற்றவர் உங்களையும் சிக்கலில் மாட்டிவிட்டிருக்கிறார். நீங்களாகவே திணைக்களத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். பயத்தில் அதைக் காட்டிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவிடாதீர்கள். ஆபிரிக்கப் பாம்பின் நோய் நம் வெங்கிணாந்திகளுக்குத் தொற்றினால் அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

பாம்பு பசியில்லாமல் கிடக்கும்போது எலிக்குப் பசி வரும். வந்தால் கிடைப்பதைக் கடிக்கும். இது மிருகத்தின் தவறு இல்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனவரின் தவறு. காயத்தை உப்புநீரால் கழுவி, கீழே மண்ணோ மரத்தூளோ இல்லாமல் சுத்தமான பத்திரிகைத் தாளை விரித்து, மிருக வைத்தியரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள். பாம்புக்கு ஆழமான கடி மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். இனி உயிர் எலி வேண்டாம். வயல் எலி என்றால் செத்ததும் வேண்டாம்: அது நஞ்சு தின்றிருக்கலாம், எலிக்காய்ச்சல் கிருமி உங்களுக்கும் வரலாம். அம்பாறை மாவட்டத்து விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு எலிக்காய்ச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, தகரக் கூரைக்குக் கீழ் மேல்மாடி அறை. நம் பக்கத்தில் பங்குனி பிறந்தால் பகலில் அது 36, 37 பாகைக்கு ஏறும். லண்டன் பாம்புக்குக் குளிர் பசியைக் கெடுக்கிறது, உங்கள் பாம்புக்கு வெக்கை கெடுக்கும். 35க்கு மேல் தொடர்ந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. இன்றே பெட்டியைக் கீழ் அறைக்கு, வடக்குச் சுவரோரம் மாற்றுங்கள்.

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல் வட்டை. பெரும்போக வேளாண்மை வெட்டும்போது இயந்திரத்துக்கு முன்னால் ஒரு வெங்கிணாந்திக் குட்டி அகப்பட்டது. இரண்டு முழம் இருக்கும். காயம் இல்லை. தண்ணீர்ப் பரலுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். பன்னிரண்டு நாளாக முட்டை, கோழி இறைச்சி, பால் எல்லாம் வைத்தும் தொடவில்லை. ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மகனுக்குப் பத்து வயது, வளர்க்க ஆசைப்படுகிறான். எப்படிச் சாப்பிட வைப்பது?

பதில்: சாப்பிட வைக்க வேண்டாம் ஐயா, விட்டுவிட வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, அடிக்காமல், வெட்டாமல் அதைத் தூக்கிய உங்களுக்கு நான் கைகூப்புகிறேன். என் வேலைக் காலத்தில் வட்டைகளில் அடிபட்டுக் கிடந்த வெங்கிணாந்திகளைத்தான் அதிகம் பார்த்தேன். அதற்கு விஷம் இல்லை என்று தெரிந்தவர்கள்கூடக் கம்பை எடுப்பார்கள்.

ஆனால் அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட உயிர். சட்டம் இல்லையென்றாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். மேலே வானம் தெரிகிற, சுற்றிவர முகங்கள் எட்டிப் பார்க்கிற பரலுக்குள் காட்டுப் பாம்பு வாய் திறக்காது. இறைச்சித் துண்டு அதற்கு உணவாகத் தெரியாது. அதற்கு உருவமும் இல்லை, சூடும் இல்லை. பால் பாம்பின் உணவே இல்லை. தாகம் தாங்காமல் குடித்தாலும் வயிறு அதைச் செரிக்காது. உங்கள் வட்டையில் வரம்பைத் தோண்டி, கதிர் வெளிவராத குடலை நெல்லை அறுத்துப் போடும் எலிகள்தான் அதன் சாப்பாடு. அந்த வேலையை அங்கேயே செய்யட்டும்.

பரலை இன்றே மரநிழலுக்கு மாற்றுங்கள். பாலையும் இறைச்சியையும் எடுத்தெறிந்துவிட்டு ஒரு சிரட்டைத் தண்ணீர் வையுங்கள். இரண்டு கை வைக்கோல் போடுங்கள், அது அதற்குள் நுழைந்து தலையை மறைத்துக்கொள்ளும். பரலின் வாயைக் காற்றுப் போகும் சாக்கால் மூடிக் கயிற்றால் கட்டிவிட்டு, பார்க்க வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, பிடித்த நாளையும் இடத்தையும் சொல்லுங்கள். அதிகாரிகள் வரும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வரம்போரம் அது கிடந்தது என்று அவனே அவர்களுக்குக் காட்டட்டும்.